‘சான்ஸே இல்ல’ நிக்டிக்குப் போன கதை

என் கணவருக்கு அந்தப் பேச்சு கைபேசியிலிருந்து தொற்றியது. ஓய்வு பெற்ற மனிதர். காலையில் நடந்துவிட்டு வந்ததும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற ஒரு பையனின் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். அந்தப் பையன் எதை வாயில் வைத்தாலும் கண்ணை மூடுவான், தலையை இடமும் வலமுமாக ஆட்டுவான், பிறகு ‘சான்ஸே இல்ல’ என்பான். பரோட்டாவுக்கும் அதுதான், பாயசத்துக்கும் அதுதான். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டிலும் அது குடியேறியது. காபி சான்ஸே இல்லை. மழை சான்ஸே இல்லை. வெங்காயம் விற்கிற விலையைக் கேட்டுவிட்டு ஒருநாள் அதற்கும் சான்ஸே இல்லை என்றார். இந்த வயதில் இதென்ன காலேஜ் பையன் பேச்சு என்று நான் கிண்டல் செய்தால், எனக்கு ரசனை போதாது என்று சொல்லிவிட்டு மறுபடி ஒயரை மாட்டிக்கொள்வார்.

அந்த இரண்டு சொல் என் மகளின் கல்யாணத்தை முறித்துப் போடப் பார்த்தது. இன்றைக்கு இதை நான் சிரித்துக்கொண்டு சொல்வதாகத் தோன்றலாம். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்கு ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்ததால் கல்யாணம் முடிந்த கையோடு புனேவுக்கு வந்தோம். கோர்படியில் வாடகைக்கு இருந்து, பிறகு அங்கேயே கடன் வாங்கி ஒரு ஃபிளாட்டும் வாங்கியாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு மராத்தி வந்துவிட்டது. அவருக்கு இத்தனை வருஷம் கழித்தும் ஹிந்திகூட ஒழுங்காக வரவில்லை. ஆண்பாலும் பெண்பாலும் அவர் வாயில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். என் மகளுக்கு நேர்மாறாக வெளியே எல்லாம் வரும், வீட்டுக்குள் தமிழ்தான் திக்கும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, நடுவில் ஹிந்தியில் இறங்கி, மீண்டும் தமிழுக்கு ஏறி வருவாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவள், கூட வேலை பார்க்கிற ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். மராத்திக் குடும்பம், புனேவுக்குப் பக்கத்தில் நிக்டியில் வீடு. அப்பா கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டோடு இருப்பவர், ஒரே பையன். எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. பையனை ஒருமுறை பார்த்தேன். மரியாதையாகப் பேசினான், நிமிர்ந்து பார்த்துப் பேசினான், போதும் என்று பட்டது.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாதக்கணக்காக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார். மகளின் தமிழைத் திருத்துவது மட்டும் அதிகமாயிற்று. ‘அவங்க வந்தான்’ என்று அவள் வாய் தவறிச் சொன்னதற்கு ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எதையாவது கேட்டு அவர் வாயிலிருந்து ‘வேண்டாம்’ வந்துவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப உள்ளே தள்ள யாராலும் முடியாது. அவரை எனக்குத் தெரியும்.

கடைசியில் பையன் வீட்டார்தான் அழைத்தார்கள். ஹோலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவேண்டும், பேசிப் பிடித்துப்போனால் பாட்வா அன்றைக்கே சாக்கர்புடாவை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாட்வா அவர்களுக்கு வருஷப் பிறப்பு, சாக்கர்புடா நம் நிச்சயதார்த்தம். இரண்டுக்கும் நடுவில் அதிக நாள் இல்லை. அவர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முடிவாகிற வரைக்கும் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மகள் தலையாட்டினாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஏதாவது சொல்லிவிடாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

நிக்டி வரைக்கும் காரில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே போயும் சோபாவின் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பா பாவம், வெயிலைப் பற்றிப் பேசினார், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார், தொழிற்சாலையைப் பற்றிப் பேசினார். எல்லாவற்றுக்கும் இவரிடமிருந்து ஒரு ‘ஜீ’ வந்தது. பையன் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். பையனின் அம்மா போளியைச் சுடச்சுடக் கல்லிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் நானும் உதவிக்குச் சமையலறைக்குள் போய்விட்டேன். போளிக்கு அவர்கள் ஊற்றிக்கொள்கிற ஒரு நீர்த்த குழம்பு உண்டு. பூரணத்துக்கு வேகவைத்த கடலைப்பருப்பின் தண்ணீரை வடித்து, புளியும் வெல்லமும் கருமசாலாவும் போட்டுக் கொதிக்கவைப்பது. கட்டாச்சி ஆம்டி என்பார்கள். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் கணவர் முன்னால் வைத்துவிட்டு வந்திருந்தோம். புதுப் போளியோடு இரண்டு பேரும் சமையலறை வாசலுக்கு வந்தபோது, பையனின் அப்பா ஹிந்தியில், மேற்கொண்டு என்ன நினைக்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் கிண்ணத்தைத் தூக்கி ஆம்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

“சான்ஸ் ஹீ நஹீ ஹை,” என்றார்.

தமிழில் சொல்லித் தொலைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. நான் சிரித்துக்கொண்டே அர்த்தம் சொல்லியிருப்பேன். அடுத்தவர் வீட்டில் அவர்களுக்குப் புரிகிற பாஷையில் பேசுவதுதான் மரியாதை என்று, அந்த மனிதர் அதை ஹிந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. காலையிலிருந்து உர்ரென்று இருந்தவர் மனசாரப் பாராட்டிவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. என் காதில் விழுந்தது ஹிந்திதான், ஆனால் நான் கேட்டது தமிழை. அந்த அறையில் அப்படிக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு சாப்பாடு சட்டென்று முடிந்துபோனது. மராத்தி வீட்டில் விருந்தென்றால் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாலும் விரல் சந்தில் ஒரு போளியைப் போட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பையனின் அம்மா கொண்டுவந்த போளியோடு அப்படியே திரும்பிச் சமையலறைக்குள் போனார். என் கணவருக்கு இரண்டாவது போளியை யாரும் வற்புறுத்தவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது, ஆனால் மாவு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது குங்குமம் கொடுத்தார்கள், கும்பிட்டார்கள், வாசல் வரைக்கும் வந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. சாக்கர்புடாவைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் அறையை விட்டு வெளியே வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். எப்படிச் சொன்னார் என்றேன். பையன் தொலைபேசியில் சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள். கல்யாணத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவன் அப்பா கேட்டாராம். இவர் கண்ணைக்கூடத் திறக்காமல் தலையை ஆட்டி, வாய்ப்பே கிடையாது என்று சொல்லிவிட்டாராம். அவன் அம்மா சமையலறையில் நின்று அழுதாராம். பிடிக்கவில்லை என்றால் வராமலே இருந்திருக்கலாமே, வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, முகத்துக்கு நேராக இப்படியா என்றாராம்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மகள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, விருட்டென்று எழுந்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்து, அடி பைத்தியமே, அது குழம்பைப் பற்றிச் சொன்னதுடி என்று விளக்க ஆரம்பித்தேன்.

விளக்க ஆரம்பித்தால் அது எத்தனை கஷ்டம் என்று தெரிந்தது. சான்ஸ் என்கிற சொல் வெள்ளைக்காரனோடு நம் ஊருக்கு வந்தது. நான் காலேஜில் படித்தபோதுகூட அதற்கு ஒழுங்கான அர்த்தம்தான் இருந்தது. சினிமாவில் சான்ஸ் கேட்டு அலைவார்கள். கடைசி பஸ் போய்விட்டால், இனிமேல் சான்ஸ் இல்லை, நடக்க வேண்டியதுதான் என்போம். நாங்கள் ஊரை விட்டு வந்த பிறகு, எங்களுக்குத் தெரியாமல் எப்போதோ அது தலைகீழாகிவிட்டது. ‘இதைவிட நன்றாக இருக்கச் சான்ஸே இல்லை’ என்று யாரோ முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிச் சொல்லி முன்பாதி தேய்ந்து விழுந்து, வால் மட்டும் மிஞ்சியது. இல்லை என்று முடிகிற ஒன்றை இதற்கு மேல் இல்லை என்று பாராட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே சொல் இங்கே வந்து இறங்கியபோது அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஹிந்தியில் அது இன்றும் சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கிறது. மராத்தியில் இன்னும் மோசம், நடுவில் ஒரு ‘ச்’ சேர்த்து ‘சான்ஸச் நாஹீ’ என்றால் முகத்தில் கதவைச் சாத்தியதற்குச் சமம்.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா காபிக்குச் சொல்வாரே, அதுவா என்றாள். அதேதான் என்றேன். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே பையனுக்குச் சொன்னாள். நம்பமாட்டார்களோ என்று அந்தச் சாப்பாட்டுப் பையனின் வீடியோ ஒன்றையும் அனுப்பினாள். கண்ணை மூடித் தலையாட்டுகிற வீடியோ. அவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மாவிடம் காட்டுகிறேன் என்றானாம். நாங்கள் இரண்டு பேரும் பெரிய கண்டம் தாண்டியதாக நினைத்தோம்.

நிக்டியிலிருந்து பதிலே வரவில்லை. அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை என்று பையன் சொன்னான். மறுநாளும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெல்ல, பெண்ணின் அப்பா தானே ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவன் அப்பா அபிப்பிராயப்படுவதாகச் சொன்னான். அதில் என்ன தப்பு? நியாயமான பேச்சு.

நான் கணவரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி, ஒரு போன் போட்டு ஆம்டி நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள், தீர்ந்தது என்றேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. தான் தப்பாக ஒன்றும் பேசவில்லை, தப்பாகப் புரிந்துகொண்டவர்களுக்குத் தான் எதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. கல்யாணம் உங்களுக்கா உங்கள் மகளுக்கா என்று கேட்டேன். “அவங்களுக்கு வேணும்னா அவங்களே கூப்புடுவாங்க. நீ சும்மா இரு,” என்றார்.

பாட்வா நெருங்கிக்கொண்டிருந்தது. லஷ்கர் கடைத்தெருவில் பாட்வாவுக்கான சர்க்கரை வில்லை மாலைகளைக் கட்டித் தொங்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மிச்ச நாளை எண்ணுவேன். மகள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆபீஸ் போனாள், சாயங்காலம் ஏதோ பெயருக்குக் கொறித்தாள். தொலைபேசி மணி அடித்தால் மூன்று பேரும் நிமிர்ந்து பார்ப்போம். காஸ் சிலிண்டர்காரனாக இருக்கும். அவர் மட்டும் அந்த வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இதை நான் கவனித்தேன். காபி நன்றாக இருந்த ஒருநாள் அவர் வாய் வரை அந்தச் சொல் வந்து, விழுங்கியதையும் பார்த்தேன். சும்மா வீம்பு பிடிக்கிற மனிதர் அப்படி விழுங்கமாட்டார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

மகளுக்கும் தட்டியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். பையில் கைவிட்டுப் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். நான் தோசைக் கரண்டியோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்னது கானாக்கு… சாப்பாட்டுக்குத்தானே?”

“ஆமா கண்ணு.”

“அவங்க அத வேற மாதிரி சமஜ்… வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. அது உங்களுக்கு எப்ப தெரியும்?”

நீ சொல்லித்தான் என்று அவர் சொல்வார், சொல்லட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். அவர் தோசையைப் பிய்த்தார். பிய்த்ததை வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டார்.

“அப்பவே தெரியும்,” என்றார்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சொன்னார். கேள்வி சத்தியமாகத் தன் காதில் விழவில்லையாம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது எதிரே வாசலில் நின்ற அந்த அம்மாவின் முகம் மாறியிருந்ததாம். பையன் அப்பாவைப் பார்த்தானாம், அப்பா சோற்றைப் பார்த்தாராம். சொன்னது எப்படிப் போய் விழுந்திருக்கிறது என்று அந்த நிமிஷமே தனக்குப் புரிந்துவிட்டதாம்.

“சொல்லீரலாம்னு வாயெடுத்தேன். சொல்லல.”

“ஏன்ப்பா?”

“நான் வேண்டாம்னு சொல்லாமயே அது நின்னுபோயிருமேன்னு இருந்துட்டேன்.”

மகள் அழவில்லை. கோபப்படக்கூட இல்லை. விளங்காத ஒரு தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்கும்போது எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

“அப்போ உங்களுக்கு ஒரு சான்ஸ் கெடச்சுது. இல்லப்பா?”

அந்தச் சொல்லை அதன் பழைய அர்த்தத்திலேயே கேட்டு எனக்கு எவ்வளவோ நாளாகியிருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பால்கனியில் நின்றார். தோசை கல்லில் கருகிப்போயிருந்தது. நான் அவரிடம் போய் நிறையப் பேச வேண்டும் என்று நினைத்தேன், நாக்கில் நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்தது கோபம் என்றுகூடச் சொல்லமாட்டேன், வெறுப்பு. கூடவே குடித்தனம் நடத்தியவர்மேல் அப்படி வருமென்று எனக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நிக்டிக்குப் போகலாம் என்றார். மகள் தானும் வருவேன் என்றாள். அவர் நிபந்தனையை நினைத்து நான் அவரைப் பார்த்தேன். உள்ளே வரமாட்டேன், காரிலேயே இருப்பேன், வீட்டில் உட்கார்ந்து போனுக்காகக் காத்திருக்க இனி முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்று பேரும் போனோம். அவர்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு அவள் பின்சீட்டில் இருந்தாள்.

சொல்லாமல் வந்திருந்தோம். பையனின் அம்மா கதவைத் திறந்து, ஒரு கணம் தயங்கி, உள்ளே வரச் சொன்னார். டீ வந்தது. டீயை யாரும் தொடவில்லை. என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே மகளை ஆணாக்கிவிட்டார். நான் மராத்தியில் எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன்.

“நீ பேசாத. நானே சொல்றேன்,” என்றார்.

அந்த ஓட்டை ஹிந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படித்தான் இருக்கும். எங்கள் பாஷையில் அது நல்ல வார்த்தை. உங்கள் குழம்பு நல்லது. அன்றைக்கு உங்கள் முகம் பார்த்தேன். புரிந்தது. சொல்லவில்லை. தப்பு என்னுடையது. என் வீட்டில் என்னோடு தமிழ் பேச மகள் இருக்கிறாள், அவளும் பாதி. நாளைக்கு அவள் குழந்தை வரும், அது என்னிடம் என்ன பேசும்? எனக்குப் பயம். அதனால் சொல்லவில்லை.

வினைச்சொற்கள் எல்லாம் தாறுமாறாக விழுந்தன. ஆனால் அந்த அறையில் புரியாதவர் யாரும் இல்லை. பையன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, வெளியே இருப்பவளிடம் போய் எந்த வாயால் சொல்வது என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு என் கணவருக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஹிந்தியில் சொன்னார்.

“எனக்கும் தெரியும்.”

மகன் அந்த வீடியோவைக் காட்டிய அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். அதே தலையாட்டல், அதே கண்மூடல். பார்த்ததுமே நம்பிவிட்டதாகச் சொன்னார். ஆனால் நம்பினேன் என்று மகனிடம் சொல்லவில்லை. அவன் என் மகளோடு இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வான். நாளைக்கு இந்த வீட்டில் மராத்தி சமையலறையோடு நின்றுபோகும், அதைப் பேசத் தானும் இந்தச் சுவரும்தான் மிச்சம் என்று நினைத்தாராம். நீங்கள் வேண்டாம் என்றதாகவே இருக்கட்டும், பழி உங்கள்மேல் போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாராம். அவர் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி போல.

அந்த அம்மாவும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுக் களவு செய்து, தனித்தனியாக மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி. எங்கிருந்தோ இரண்டு பேருக்கும் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததற்காக என் மகள் இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். அதை நான் மராத்தியில் அப்படியே சொன்னேன். இரண்டு பேருக்கும் பயம் தீர்ந்ததா, தீராவிட்டாலும் இனிப் போதும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா, பெண் எங்கே என்று கேட்டார். வெளியே காரில் என்றேன். பையன் சடக்கென்று வாசலுக்கு நகர்ந்தான். அவர் கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

“அவள் அப்பா போகட்டும்,” என்றார்.

என் கணவர் எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. நான் இரும்புக் கதவு வரைக்கும் பின்னால் போய் நின்றேன். நல்ல வெயில். அவர் தெருவைக் கடந்து, காரின் பின்கதவைத் திறந்து, குனிந்தார்.

“வா கண்ணு. உள்ள கூப்புடறாங்க.”

அவள் அசையவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்சீட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

“யாரு கூப்பிடுறாங்க?” என்றாள். “அவங்களா, நீங்களா?”

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பார்க்கலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தேன்.

“நாந்தான்,” என்றார். “நாந்தான் கூப்புடறேன்.”

அவள் காலைக் கீழே வைத்து இறங்கினாள்.